ஜெர்மனியில் கோவில் காலியாவது வரியாலா?

ரைன்கரை:
வேளாங்கண்ணி இழையில் நெய்தல்காரன் எழுதியிருப்பது: "ஜெர்மனியில் சம்பளத்தில் 9 சதவீதத்தைக் கோவிலுக்குப் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால்தான் ஜனம் ஓடுகிறது, நம் ஊர்ச் சாமியார் காலி பெஞ்சுக்குப் பூசை வைக்கிறார்." எரிச்சலாக இருக்கிறது. தேவாலய வரி என்பது சம்பளத்தில் 9 சதவீதம் இல்லை, வருமான வரியில் 9. மாதம் 500 யூரோ வரி கட்டுகிறவர் கோவிலுக்குக் கொடுப்பது 45 யூரோ. கொலோனில் நானும் கட்டுகிறேன்.

நெய்தல்காரன்:
பிடித்தம் சம்பளத்திலிருந்துதானே போகிறது? அப்போது அது சம்பளத்தில்தான். என் சித்தப்பா மகன் பவேரியாவில் பங்குச்சாமியார். நாலு கிராமத்துக்கு அவர் ஒருவர். ஒரு கோவிலில் பூசை முடித்து, உடுப்பைக் கார் பின்சீட்டில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடுகிறார். அங்கே நாலு வரிசைக்கு ஒரு பாட்டி, குளிருக்குக் கம்பளி மெத்தையோடு உட்கார்ந்திருக்கிறார். நற்கருணை கொடுக்க இவர்தான் படியிறங்கிப் பின்வரிசை வரை நடக்க வேண்டும். அவர் பார்த்துச் சொன்னதைத்தான் எழுதினேன்.

கொடைவாசி:
பவேரியா என்றால் 8 சதவீதம் ஆயிற்றே. பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பர்க்கிலும் 8, மற்ற மாநிலங்களில் 9. உங்கள் சாமியார் பங்கில் 9 எப்படி வந்தது?

நெய்தல்காரன்:
எட்டோ ஒன்பதோ, பிடுங்குவது பிடுங்குவதுதான்.

ரைன்கரை:
அப்படி நழுவ விடமாட்டேன். சம்பளத்தில் 9 என்று எழுதியது நீங்கள். சரி, வரியே காரணம் என்று வைத்துக்கொள்வோம். பிரான்சில் 1905 சட்டத்தோடு அரசும் திருச்சபையும் பிரிந்துவிட்டன, அல்சாஸ்-மொசேல் பகுதி மட்டும் விலக்கு. தேவாலய வரி கிடையாது. அங்கே கோவில் நிரம்பி வழிகிறதா?

இன்னொன்று. 2023இல் ஜெர்மனியில் பதிவேட்டில் இருந்த கத்தோலிக்கர் 2 கோடிக்கு மேல். ஞாயிறு பூசைக்கு வந்தவர்கள் 6.2 சதவீதம். மற்றவர்கள் பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்காமலே வீட்டில் இருக்கிறார்கள். பெயரை எடுத்தால்தான் வரி நிற்கும். வரி பதிவேட்டிலிருந்து விரட்டலாம், பெஞ்சிலிருந்து விரட்டாது. பூசைக்கு வராமல் இருந்தால் ஒரு சென்ட் கூட மிச்சமாகாதே!

பகுத்தறிவு72:
படித்த ஜனம் சாமியை விட்டுவிட்டது. இதற்கு ஏன் இவ்வளவு கணக்கு?

ரைன்கரை:
நீங்கள் சும்மா இருங்கள் ஐயா. ஜனம் விட்டது சாமியை அல்ல, ஆயர்களை. 2018இல் ஆயர்களே செய்யச் சொன்ன ஆய்வில் 1946 முதல் 2014 வரை சாமியார்களின் பாலியல் கொடுமையால் பாதிக்கப்பட்ட 3,677 பிள்ளைகள் கணக்கில் வந்தார்கள். 2022 ஜனவரியில் அதே கொடுமை பற்றி மியூனிக் மறைமாவட்ட அறிக்கை. அந்த ஒரே வருடத்தில் 5,22,000 பேருக்கு மேல் பெயரை எடுத்தார்கள். என்னோடு பாடகர் குழுவில் இருந்த அம்மா, பெயர் எடுக்க நீதிமன்றத்துக்குப் போய் 30 யூரோ கட்டணமும் கட்டி, அழுதுகொண்டே வந்தார். அவரிடம் போய் வரி என்று சொல்லிப் பாருங்கள்.

நெய்தல்காரன்:
கெட்ட சாமியார்கள் எந்த ஊரிலும் உண்டு. அதற்காக நல்லவர்களையும் சேர்த்து இழுப்பது உங்கள் பழைய பழக்கம். போன தவக்காலத்திலும் இதையே செய்தீர்கள், மறக்கவில்லை. பெயரை எடுத்தால் நன்மை (நற்கருணை) கிடையாது, ஞானப்பெற்றோராக நிற்க முடியாது என்று 2012இல் அங்கே ஆயர்கள் ஆணை போட்டார்கள். காசு கட்டாதவனுக்கு நன்மை இல்லை என்றால் அது வரிப் பிரச்சினை இல்லாமல் வேறென்ன? சம்பளத்தில் 9 சதவீதம். ஏழைக்கு அது பெரிய காசு.

ரைன்கரை:
ஏழைக்கு வருமான வரியே வராது, அப்புறம் ஏது தேவாலய வரி? சம்பளத்தில் இல்லை, வரியில். எத்தனை தடவை எழுதுவது?

வன்னிமகள்:
கோவில் காலி என்று எல்லாரும் ஒரே அடியாகச் சொல்லாதேங்கோ. ஆகஸ்டில இங்க ஜெர்மனியில கெவெலார் மாதா திருவிழாவுக்கு ஒருக்கா வந்து பாருங்கோ. ஆயிரக்கணக்கான தமிழ்ச் சனம், சைவ ஆக்களும் நேர்த்தி வைச்சு வருகினம். நிற்க இடமில்லை.

ரைன்கரை:
அக்கா, அது வருடத்தில் ஒரு நாள். மற்ற ஞாயிறுகளில் அந்தப் பிள்ளைகள் எங்கே?

வன்னிமகள்:
எங்கட பிள்ளையளைப் பற்றி நீங்கள் கதைக்க வேண்டாம். என்ர மகள் பூசைக்கு உதவுற பீடச்சிறுமியா நிற்கிறாள். ஜெர்மன்காரர் விட்ட இடத்தில அவள் மணி அடிக்கிறாள்.

கொடைவாசி:
பெண் பிள்ளைகள் பீடத்தில் நிற்பது சரியா என்பதே தனி விவாதம்.

வன்னிமகள்:
1994இல ரோமே அனுமதி குடுத்திட்டுது. இனி நீங்கள் என்ன விவாதம்?

நெய்தல்காரன்:
பேச்சை மாற்றாதீர்கள். சாமியாருக்குப் போன் போட்டேன், மூன்றாவது ஊர்ப் பூசைக்குப் போய்க்கொண்டிருக்கிறாராம். ராத்திரி கேட்டுவிட்டு வருகிறேன்.

ரைன்கரை:
கேளுங்கள். பங்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவரின் சம்பளச் சீட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தேவாலய வரி தனியாக அச்சாகியிருக்கும்.