கேஎல்-ல (கோலாலம்பூர்) சின்ன ஸ்போர்ட்ஸ் கார் வாங்கணும்: எது நம்பி ஓட்டலாம்?

கேள்வி:
அண்ணே, கோயம்புத்தூர்லருந்து வேலைக்கு வந்து பிரிக்ஃபீல்ட்ஸ்ல தங்கியிருக்கேன். ஆபீஸ் சைபர்ஜெயா. ஊர்ல படத்துல மட்டுமே பார்த்த மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா எம்ஆர்-எஸ், 86, லோட்டஸ் எலிஸ் எல்லாம் இங்க செகண்ட் ஹேண்ட்ல கண்ணுல படுது. எது காலை வாராம ஓடும்?

பதில்:
தம்பி, செட்டிபாளையம் கரி ட்ராக் இருக்கிற ஊர்க்காரர், இந்த ஆசை வரலன்னாத்தான் ஆச்சரியம். தாராளமா வாங்குங்க. ஆனா குளிர் நாட்டுக்காரங்க சொல்ற ரிலையபிலிட்டி கணக்கை இங்க அப்படியே எடுத்துக்காதீங்க. அங்க காரை அரிக்கிறது பனிக்காலத்துல ரோட்டுல போடுற உப்பு. இங்க வெயில், சாயங்கால மழை, அப்புறம் ஜாம். நான் முதல்ல பார்க்கிறது ஒண்ணுதான்: அதே என்ஜின் இங்க ஓடுற சாதாரண குடும்பக் கார்லயும் இருக்கா? இருந்தா சாமானும் கிடைக்கும், கை வைக்கிற போமேனும் (மெக்கானிக்) கிடைப்பார்.

எம்எக்ஸ்-5 பத்தி நிறைய சொல்லணும். 1989-ல வந்தது, இப்ப நாலாவது தலைமுறை. 2016-லயே பத்து லட்சமாவது காரைக் கட்டிட்டாங்க. என்ஜின்ல பெரிய வம்பு கிடையாது. முதல் ரெண்டு வருஷத்து 1.6-ல மட்டும் கிராங்க் முனையில புல்லி உட்கார்ற இடம் தேயும். நாலாவது தலைமுறையோட ஆரம்ப வருஷ மேனுவல் கியர்பாக்ஸ் கொஞ்சம் நோஞ்சான். டெஸ்ட் ட்ரைவ்ல செகண்ட் கியருக்கு ஏத்தி இறக்கிப் பாருங்க, கரகரன்னா வேற கார் பாருங்க.

இங்க இந்தக் காரைக் கொல்றது தண்ணிதான். சாஃப்ட் டாப்ல விழுற மழை, சீட்டுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் இருக்கிற வடிகால் ஓட்டை வழியா கீழ இறங்கணும். மரத்தடியில நிறுத்தி நிறுத்தி அதுல சருகு அடைச்சிருக்கும். தண்ணி உள்ளயே தேங்கி கதவுக்குக் கீழ இருக்கிற தகட்டை உள்பக்கமா அரிக்கும். வெளியில பெயிண்ட் பளபளன்னு இருக்கும், ஏமாந்துடாதீங்க. பார்க்கப் போறப்ப ஒரு பாட்டில் தண்ணி கொண்டு போங்க. டாப்பைத் திறந்து அந்த மூலையில மெதுவா ஊத்துங்க. முதல், ரெண்டாம் தலைமுறைக் கார்ல பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால சரசரன்னு கொட்டினா நல்ல கார். சொட்டு சொட்டா வந்தாலோ, கார்பெட்டைத் தூக்கினா புளிச்ச வாடை அடிச்சாலோ நடையைக் கட்டுங்க. இதைச் செய்ய விடமாட்டேன்னு சொல்ற டீலரா இருந்தா இன்னும் வேகமா கட்டுங்க.

எலிஸ் ஆசை எல்லாருக்கும் உண்டு. மலேசியக் கார் கம்பெனி புரோட்டான் 1996-ல லோட்டஸை வாங்கி, 2017-ல சீனாவோட ஜீலி வர்ற வரைக்கும் வெச்சிருந்தது. அதே 1996-ல வந்த முதல் எலிஸ் 725 கிலோதான். ஆனா அதுல இருக்கிற ரோவர் என்ஜினுக்கு ஹெட் கேஸ்கெட் (என்ஜின் தலைக்கு அடியில இருக்கிற அடைப்புத் தகடு) போறதுதான் தீராத வியாதி. நடுவுல என்ஜின், ஃபெடரல் ஹைவே ஜாம், 33 டிகிரி வெயில், நீங்களே யோசிச்சுக்குங்க. எலிஸ்தான் வேணும்னா டொயோட்டா 1.8 என்ஜின் போட்ட பிந்தைய மாடலைத் தேடுங்க. சேஸி பசை போட்டு ஒட்டின அலுமினியம். அடிபட்ட கார்னா அதை நேராக்குறது லேசுப்பட்ட வேலை இல்ல.

எம்ஆர்-எஸ் என்ஜினும் பழைய டொயோட்டா கரோலா ஆல்டிஸ் 1.8 என்ஜினும் ஒண்ணு, அதனால சாமானுக்குக் கவலையில்ல. ஆரம்ப வருஷக் கார் ஆயில் குடிக்கும். காலையில என்ஜின் ஜில்லுன்னு இருக்கிறப்ப போய் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்க. போறதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருந்தாங்கன்னா சந்தேகப்படுங்க. பெட்டி வைக்க இடம் கிடையாது, பசாருக்குப் போனா மடியிலதான் காய்கறி.

86-க்குப் பின் சீட்டு பேருக்கு உண்டு. 2012, 2013 கார்களுக்கு வால்வ் ஸ்ப்ரிங் ரீகால் வந்துச்சு. வேலை நடந்ததா, எங்க நடந்ததுன்னு ரசீதோட கேளுங்க.

இன்னொருத்தர் (ஒரு அக்கா):
தம்பி, புரோட்டான் சத்ரியா ஜிடிஐயை விட்டுட்டாரே அண்ணன்! மிட்சுபிஷி 1.8 என்ஜின், சஸ்பென்ஷன் லோட்டஸ் கைவண்ணம். ரெண்டு சீட்டு இல்லதான், ஆனா சாமான் கிள்ளான் பக்கம் ஹாஃப்-கட் (பாதியா வெட்டி இறக்குமதி பண்ற பழைய கார்) கடையில கிடைக்கும். சாதா சத்ரியாவுக்கு ஜிடிஐ வேஷம் கட்டி விக்கிறவங்க இருக்காங்க, கிராண்ட்ல (கார் பதிவுப் பத்திரம்) இருக்கிற என்ஜின் நம்பரை நேர்ல ஒத்துப் பாருங்க.

கேள்வி:
நன்றி அண்ணே, அக்கா. ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ் எவ்வளவு கடிக்கும்?

பதில்:
அக்கா சொன்னது சரி, ஆனா அதுக்கெல்லாம் இருபது வயசு தாண்டிடுச்சு, தினமும் ஆபீஸுக்கு நான் சொல்லமாட்டேன். ரோட் டேக்ஸ் இங்க சிசி கணக்கு. ஜப்பான்லருந்து ரீகண்டா (அங்க ஓடின பழைய காரா) வர்ற 1.5 எம்எக்ஸ்-5-க்கு வருஷம் 90 ரிங்கிட். அதே கார் 2.0-ன்னா 379. எம்ஆர்-எஸ் சுமார் 278. 86-ஓட புது மாடல் ஜிஆர்86, 2.4 லிட்டர், 767 ஆயிடும்.

இன்சூரன்ஸ்ல என்சிடி (கிளெய்ம் பண்ணாததுக்குக் கிடைக்கிற தள்ளுபடி) சைபர்லருந்து ஆரம்பிக்கும். கிளெய்ம் பண்ணாம ஒரு வருஷம் போனா 25 சதவீதம், கடைசியா 55 வரைக்கும் ஏறும். சாதாரண பாலிசியில வெள்ளம் சேராது, தனியா காசு கட்டிச் சேர்க்கணும். இந்தத் தாழ்வான காருக்கு அதைக் கட்டாயம் சேருங்க. 2021 டிசம்பர் வெள்ளத்துல ஷா ஆலம் பக்கம் மூழ்கின கார் எத்தனையோ. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சேத்துக் கோடு இருந்தா அது குளிச்ச கார்.

பெட்ரோல்ல இன்னொண்ணு: 2025 செப்டம்பர் கடைசியிலருந்து ரோன்95 சலுகை விலை மலேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான், வேலை பாஸ்ல இருக்கிறவங்களுக்கு முழு விலை. உங்க பாடு மெக்ஸ் ஹைவேயில தினமும் போக வர, அதனால 1.5 எம்எக்ஸ்-5-ஐ முதல்ல போய்ப் பாருங்க. தண்ணி பாட்டிலை மறந்துடாதீங்க.