பத்து ஆண்டு ஓடிய டஸ்டர் டீசல்: ஓட்டமும் பழுதுபார்ப்பும் எப்படி இருக்கும்?

கேள்வி: ஆழியாறு வாசி

வணக்கம். பொள்ளாச்சியை அடுத்த ஒரு கிராமத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் கோவைக்கும், மாதம் ஒருமுறையாவது மனைவியின் பெற்றோர் இருக்கும் வால்பாறைக்கும் போய்வருகிறேன். இதுவரை ஒரு சிறிய பெட்ரோல் காரை வைத்துச் சமாளித்தோம். அம்மாவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, தோப்புக்குள் போகும் மண்பாதையில் அந்த வண்டியில் அவரை ஏற்றிச் செல்லவே எனக்கு மனம் வரவில்லை.

இந்த நிலையில், 2015-இல் பதிவான ரெனால்ட் டஸ்டர் 85 பி.எஸ். (குதிரைத்திறன்) டீசல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 96,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. உரிமையாளரின் அனுமதியோடு அம்மாவைப் பின்னிருக்கையில் உட்காரவைத்துத் தோப்பு வரை ஓட்டிப் பார்த்தேன். வாய்க்கால் பாலம் நெருங்கும்போதே முன்னிருக்கையின் முதுகை இறுகப் பற்றிக்கொள்பவர், அன்று பாலம் கடந்ததைக்கூடக் கவனிக்காமல் பேசிக்கொண்டே வந்தார். என்னைப் பொறுத்தவரை அப்போதே பாதி முடிவு ஆகிவிட்டது.

ஆனால் என் தாய்மாமா, “பிரெஞ்சுக் கம்பெனி வண்டியை வாங்கிவிட்டுப் பாகத்துக்கு ஊர் ஊராக அலையாதே” என்கிறார். இந்தத் தலைமுறை டஸ்டரின் விற்பனை 2022-இல் நின்றுவிட்டதையும், டீசல் அதற்கு முன்பே 2020-இல் நின்றுவிட்டதையும் அவர் நினைவூட்டுகிறார். எனவே இதை அன்றாடம் ஓட்டுபவர்களிடம் கேட்கிறேன். மலைப்பாதையில் இது எப்படி நடந்துகொள்கிறது, பெரிய செலவு எங்கிருந்து வரும், வெளிப் பட்டறையை மட்டும் நம்பி இதை வைத்திருக்க முடியுமா என்பதை உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

பதில்: பொதிகைச் சாரல்

நான் 2013-ஆம் ஆண்டு டஸ்டர் 110 பி.எஸ். வைத்திருக்கிறேன். தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் மலையேறி இறங்கியே 1,62,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. உங்கள் அம்மா பாலத்தில் உணர்ந்ததைத்தான் நானும் முதல் வாரத்திலேயே உணர்ந்தேன். மெதுவாகப் போகும்போது குலுங்காமல் இருக்கும் கார்கள் பல உண்டு. குண்டும் குழியுமான சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதும் வண்டி தன் நிலை மாறாமல், அடுத்த பள்ளத்துக்குள் சக்கரம் மட்டும் இறங்கி ஏறுவதைப் போல ஓடுவதை நான் வேறு வண்டிகளில் அரிதாகவே கண்டிருக்கிறேன். தரைக்கும் அடிப்பாகத்துக்கும் 205 மி.மீ. இடைவெளி இருப்பதால் எங்கள் ஊர் வேகத்தடைகளில் இதுவரை அடி தட்டியதில்லை.

ஸ்டீயரிங் ஹைட்ராலிக் வகையைச் சேர்ந்தது, அதாவது எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது. நிறுத்துமிடத்தில் திருப்பும்போது கனமாகத்தான் இருக்கும், பெரிய பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் அந்த அதிர்வு கைக்கு வந்து சேரும். அதே காரணத்தால், மழையில் நனைந்த வளைவில் முன்சக்கரம் எவ்வளவு பிடிப்போடு இருக்கிறது என்பதைக் கையே சொல்லிவிடும். இரவில் ஆரியங்காவு இறக்கத்தில் எனக்கு அது பெரிய துணை.

நீங்கள் பார்த்திருப்பது 85 பி.எஸ். என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 110-இல், எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ, எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளைத் தாண்டிய பிறகே முழுமையாக விழித்துக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்துவிட்டால் இரண்டாவது கியரில் வண்டி திணறும், எனவே வளைவுக்கு முன்பே கியரை இறக்கும் பழக்கம் வேண்டும். 85-இன் 200 நியூட்டன் மீட்டர் இழுவை 1,900 சுற்றுகளிலேயே கிடைத்துவிடுவதால், ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளுக்கு அதுவே பொருத்தம் என்பேன். நான்கு வழிச் சாலையில் லாரியை முந்தும்போது மட்டும் சற்றுக் கூடுதலாகத் திட்டமிட வேண்டியிருக்கும்.

சில பழக்கங்கள் விநோதமாகத் தோன்றும். பக்கக் கண்ணாடியைச் சரிசெய்யும் குமிழ் கைப்பிரேக்குக்குக் கீழே இருக்கிறது. பாட்டின் ஒலியைக் கூட்டிக் குறைப்பது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு தண்டில் இருக்கிறது. ஒரு மாதத்தில் பழகிவிடும்.

செலவைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. 70,000 கிலோமீட்டர் அளவில் முன்பக்கத்தில் கடகடவென்று ஒலி வரத் தொடங்கியது. ஒரு பட்டறையில் ஸ்டீயரிங் ரேக் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். நம்பிக்கை வராமல் வேறொருவரிடம் காட்டினேன். அவர் வண்டியை உயர்த்தி ஒரு கம்பியால் நெம்பிப் பார்த்துவிட்டு, சக்கரத்தைத் தாங்கும் அமைப்பிலுள்ள சிறு பாகங்களான லிங்க் ராடும் லோயர் ஆர்ம் புஷ்ஷும்தான் தேய்ந்திருக்கின்றன என்றார். அவற்றை மாற்றியதும் ஒலி நின்றுவிட்டது. எங்கள் சாலைகளில் எந்த வண்டியிலும் தேயும் பாகங்கள்தான் அவை.

பதில்: பட்டறைக்காரர்

தம்பி, நான் கோவையில் முப்பது ஆண்டுகளாகப் பட்டறை நடத்துகிறேன். உங்கள் மாமா சொல்வது ஆதாரமில்லாத அச்சம் அல்ல. 1990-களின் நடுவில் பிரீமியர் நிறுவனமும் பிரெஞ்சு நிறுவனமான பியூஜோவும் சேர்ந்து மும்பைக்கு அருகே கல்யாணில் பியூஜோ 309 காரைத் தயாரித்தன. சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. அந்த வண்டியின் ஓட்ட சுகத்தை இன்றும் புகழ்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தயாரிப்பு நின்ற ஒரு காரில் எந்தப் பாகம் முதலில் கிடைக்காமல் போகும் என்பதை அந்த வண்டியை வைத்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். அதே குடும்பத்து 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் பிறகு மாருதியின் ஜென், எஸ்டீம் டீசல் கார்களிலும் வந்ததால், எஞ்சின் வேலைக்குப் பெரிதாகத் தவிக்கவில்லை. முகப்பு விளக்கும் கதவுக் கைப்பிடியும் ஜன்னல் ரப்பரும்தான் அருகிப்போயின. எஞ்சின் தன் உடன்பிறப்புகளால் பிழைத்துக்கொள்ளும், உடல் அந்த மாடலோடு போய்விடும்.

டஸ்டருக்கும் இதே கணக்குத்தான், ஆனால் உங்களுக்குச் சாதகமான கணக்கு. அதிலிருக்கும் 1,461 சி.சி. கே9கே எஞ்சின் 2007-இல் மஹிந்திரா ரெனால்ட் லோகனோடு இங்கே வந்தது. பிறகு வெரிட்டோ, நிசான் மைக்ரா, சன்னி, டெரானோ என்று பல வண்டிகளில் அமர்ந்தது. ஃபில்டர், பெல்ட், தெர்மோஸ்டாட் போன்றவற்றைக் கோவைக் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் அன்றே கிடைக்கின்றன. டெரானோ டஸ்டரின் இரட்டைப் பிள்ளை என்பதால் அடிப்பாக வேலைக்கும் கவலை இல்லை. விளக்கு, பம்பர், உட்புற பிளாஸ்டிக் ஆகியவற்றைத்தான் நீங்கள் கண்ணுங்கருத்துமாகப் பார்க்க வேண்டும். அவை உடைந்திருந்தால் விலையில் நன்றாகக் குறைத்துக் கேளுங்கள்.

இப்போது முக்கியமானது. இந்த எஞ்சினில் வால்வுகளைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு இசைத்து இயக்க டைமிங் செயின் கிடையாது, ரப்பர் டைமிங் பெல்ட்தான். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும், சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் ரப்பருக்கு வயது ஏறும் என்பதால், நான் 80,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து ஆண்டு, இவற்றில் எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்றிவிடுகிறேன். நீங்கள் பார்த்த வண்டியில் ஒருமுறையாவது மாற்றியிருக்க வேண்டும். ரசீது இல்லாமல் “மாற்றியாயிற்று” என்று வாயால் சொன்னால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். பெல்ட்டை மட்டும் மாற்றாமல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், தாங்கும் உருளையான ஐட்லர், தண்ணீர் பம்பு ஆகியவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். தண்ணீர் பம்பையும் அதே பெல்ட்தான் சுழற்றுகிறது. பிறகு பம்பு ஒழுகினால் அதே கூலியை இரண்டாம் முறை கொடுக்க நேரும்.

ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஐரோப்பாவில் இந்த எஞ்சினை முப்பதாயிரம் கிலோமீட்டர் வரை ஒரே ஆயிலில் ஓட்டி, கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்துபோன கதைகள் உண்டு. இங்கே பத்தாயிரத்துக்கு ஒருமுறை மாற்றிய வண்டிகளில் இரண்டு லட்சம் தாண்டியும் எஞ்சினைத் திறக்காதவற்றை நானே பராமரித்து வருகிறேன். கிளட்ச் கனமாக இருப்பது இதன் இயல்பு. அதை மாற்றும் நாளில், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அது பிறகு ஒழுகினால் மீண்டும் கியர்பாக்ஸை இறக்காமல் தொட முடியாது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது, எஞ்சினை முன்கூட்டியே ஓட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காலையில் ஆறிய நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பற்றுகிறதா, வெள்ளைப் புகை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் பிரச்சினை செய்தால் முதலில் அங்கேதான் தெரியும். ரெனால்ட் எஞ்சினைப் படிக்கக்கூடிய ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போதும் அதுவே அளவுகோல்.

பதில்: சிங்காநல்லூர் பயணி

மாறுபட்ட ஓர் அனுபவத்தையும் பதிவு செய்கிறேன். நான் தினமும் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஒன்பது கிலோமீட்டர் மட்டும், அதுவும் அவிநாசி சாலை நெரிசலில், டஸ்டரை நான்கு ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்றுவிட்டேன். எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதற்குள் பயணம் முடிந்துவிடும், கனமான கிளட்ச் இடது முழங்காலுக்கும் ஒவ்வாமல் போய்விட்டது. குறை வண்டியுடையது அல்ல, என் பயன்பாட்டுக்கு அது ஏற்றதாக இல்லை. உங்கள் ஓட்டம் நீண்ட தூரமும் மலையுமாக இருப்பதால் என் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கோவைக்குள் எத்தனை மணி நேரம் நெரிசலில் நிற்பீர்கள் என்பதை மட்டும் நேர்மையாகக் கணக்கிட்டுப் பாருங்கள்.

பதில்: பாரிஸ் புறநகர்

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பாரிஸுக்கு வெளியே இருபது வருடங்களுக்கு மேலாக வசிக்கிறேன். இங்கே டஸ்டர் 2010 முதல் டாச்சியா என்ற பெயரில் விற்பனையாகிறது. ருமேனியாவின் அந்த நிறுவனத்தை ரெனால்ட் 1999-இல் வாங்கியது, உங்கள் டஸ்டரும் லோகனும் ஒரே அடித்தளத்தில் உருவானவை. பட்டறைக்காரர் ஐயா சொன்ன எஞ்சின் பட்டியலோடு, மெர்சிடீஸ் ஏ-கிளாஸ் ஏ180 சி.டி.ஐ. காரிலும் அதே கே9கேதான் இருந்தது என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம். பாகம் அடியோடு அற்றுப்போகும் என்று இந்த எஞ்சினைப் பற்றி இங்கே எவரும் கவலைப்படுவதில்லை.

உங்கள் தாயார் பாலத்தில் உணர்ந்த மென்மைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. நான் இங்கே முதலில் வாங்கியது பழைய பிரெஞ்சுக் காரான சிட்ரோயன் சான்டியா. அதில் சுருள்வில்லே கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் நைட்ரஜன் அடைத்த உருண்டை ஒன்று, பச்சை நிறத் திரவத்தின் அழுத்தத்தோடு சேர்ந்து வண்டியைத் தாங்கும். 1955-இல் அதே நிறுவனத்தின் டி.எஸ். காரோடு உலகம் அறிந்த முறை அது. ஆண்டுகள் செல்லச் செல்ல நைட்ரஜன் மெல்ல வெளியேறி, வண்டி கட்டை வண்டியைப் போலக் கடினமாகும். உருண்டைகளை மாற்றிய அன்று மீண்டும் மிதக்கும். கழற்றி மாட்டும் வேலையும் பெரிதல்ல, கைவந்த மெக்கானிக் ஒருவர் என் வண்டிக்கு ஒரே காலையில் முடித்துக் கொடுத்தார்.

டஸ்டரில் இப்படி எதுவும் இல்லை. சாதாரணச் சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும்தான். ஆனால் வில்லை மென்மையாக வைத்து, சக்கரம் மேலும் கீழும் நகர நீண்ட இடம் கொடுத்து, துள்ளலை ஷாக் அப்சார்பரால் அடக்கும் அணுகுமுறை பிரெஞ்சுக் கார்களில் பல காலமாகத் தொடர்ந்து வருவது. இதனால் உங்களுக்கு ஒரு நடைமுறை எச்சரிக்கையும் உண்டு. அந்தச் சுகத்தில் பெரும் பங்கு ஷாக் அப்சார்பரைச் சார்ந்தது. 96,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அவை இன்னும் பழையவையாக இருந்தால், நீங்கள் உணர்ந்தது இந்தக் காரின் முழுச் சுகம் அல்ல. பணம் ஒதுக்கும்போது நான்கையும் சேர்த்து எண்ணுங்கள்.

பதில்: ஆழியாறு வாசி

அனைவருக்கும் நன்றி. நேற்றுக் காலை ஏழு மணிக்கு ஸ்கேனர் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்குடன் சென்று பார்த்தேன். ஆறிய எஞ்சின் முதல் சுற்றிலேயே பற்றியது, புகையும் உடனே மறைந்துவிட்டது. 40,000 வரையிலான சர்வீஸ் ரசீதுகள் இருக்கின்றன. டைமிங் பெல்ட் மாற்றியதாக உரிமையாளர் சொன்னாலும் ரசீது எதுவும் இல்லை. பின்பக்க ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய்க் கசிவு தெரிந்தது. இடது முகப்பு விளக்கின் பிடிப்பு உடைந்து, கம்பியால் கட்டப்பட்டிருக்கிறது. இவற்றைச் சொன்னதும் நாற்பதாயிரம் ரூபாய் குறைக்கச் சம்மதித்திருக்கிறார். ஆர்.சி. 2030 வரை செல்லும்.

கோவை நெரிசலையும் கணக்கிட்டேன். வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வராது. பட்டறைக்கார அண்ணா, வண்டியை எடுத்த அன்றே உங்கள் பட்டறைக்குக் கொண்டுவரலாமா, அல்லது ஒருமுறை வால்பாறை போய்வந்த பிறகு பெல்ட் வேலையைச் செய்துகொள்ளலாமா?

பதில்: பட்டறைக்காரர்

பெல்ட்டை மாற்றாமல் மலை ஏற வேண்டாம், தம்பி. எடுத்த அன்றே கொண்டுவாருங்கள். பெல்ட் கிட்டையும் தண்ணீர் பம்பையும் முன்கூட்டியே வாங்கி வைக்கிறேன். பின்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டையும் ஜோடியாக மாற்றிவிடுவோம், முன்பக்கத்தை வண்டியை உயர்த்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். விளக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிடிப்பை மட்டும் பிளாஸ்டிக் வெல்டிங்கில் ஒட்டிக் கொடுக்கும் ஒருவர் காந்திபுரத்தில் இருக்கிறார்.