கீழ் வீடு எந்தப் பக்கம் பார்ப்பது?

குழு: பாளையங்கோட்டை தாத்தா வீடு
சனிக்கிழமை

நான் (காலை 7:05): எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் சென்னை கிண்டியில் வேலைக்குச் சேர்கிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், இங்கே தனியாக விட மனம் இல்லை. எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்? அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. கீழ் வீடுதான் வேண்டும்.

பல்லாவரம் பெரியப்பா (7:11): நல்ல சேதி முத்து. இதில் யோசிக்க என்னலே இருக்கு? பல்லாவரம் வந்துவிடு. திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, அடுத்தது கிண்டி. ஐந்தாவது ஸ்டேஷன்.

சேலையூர் சித்தப்பா (7:14): அண்ணன் இறங்குவதைச் சொல்கிறார், ஏறுவதைச் சொல்லவில்லை. காலை எட்டரைக்குப் பல்லாவரத்தில் ஒரு கால் வைக்க இடம் கிடைக்குமா? இங்கே தாம்பரத்திலேயே புறப்படுகிற வண்டி இருக்கிறது. ஏறினோமா, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தோமா என்று போகலாம்.

பல்லாவரம் பெரியப்பா (7:15): செங்கல்பட்டு வண்டி தாம்பரம் வரும்போதே நிறைந்துதான் வரும். அதையும் சொல்லு.

சேலையூர் சித்தப்பா (7:17): அதை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்கு நின்றால் ஆயிற்று. 1931-ல் பீச் ஸ்டேஷனில் இருந்து கரண்ட் வண்டி விட்டபோதே கடைசி ஸ்டேஷன் தாம்பரம்தான் அண்ணே. தொண்ணூறு வருஷமாக வண்டி புறப்படுகிற ஊர்.

ஆவடி அத்தை (7:22): 1931 என்ன பெரிய கணக்கு? தென்னிந்தியாவில் முதல் ரயில் ஓடியது 1856-ல். ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரைக்கும், எங்கள் ஆவடி வழியாகத்தான் போனது. முத்து, நீ இவர்கள் பேச்சைக் கேட்காதே. ஆவடிக்கு வா.

சேலையூர் சித்தப்பா (7:23): அக்கா, கிண்டிக்கும் ஆவடிக்கும் என்ன சம்பந்தம்? பையன் தினமும் ஊர் சுற்றிப் போக வேண்டுமா?

ஆவடி அத்தை (7:25): சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ மாறினால் கிண்டி. வெயில் மேலே படாது. இப்போது ஆவடி பழைய ஆவடி இல்லை. தாம்பரத்துக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, 2019-லேயே நாங்கள் மாநகராட்சி. பட்டாபிராமில் 2024-ல் டைடல் பார்க் திறந்துவிட்டார்கள். நாளைக்கு வேலையை இந்தப் பக்கமே மாற்றிக்கொள்ளலாம்.

சேலையூர் சித்தப்பா (7:28): மாநகராட்சி யார் முதலில் ஆனால் என்ன? 2022 ஜனவரி 1-ல் போலீஸ் கமிஷனரேட் இரண்டு ஊருக்கும் ஒரே நாளில்தான் வந்தது. தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டு. ஐந்து நகராட்சி, ஐந்து பேரூராட்சி சேர்ந்தது. பல்லாவரமும் அதில் ஒன்றுதான்.

பல்லாவரம் பெரியப்பா (7:34): தம்பி, அதைச் சொல்லாதே. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. 2011 கணக்கெடுப்பில் பல்லாவரம் நகராட்சியில் 2,15,417 பேர். தாம்பரம் நகராட்சியில் 1,74,787 பேர். பெரியது எது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். 2021 நவம்பரில் சேர்த்தபோது பெயர் எங்கே போனது? சொத்து வரி ரசீதில் தாம்பரம் என்று அச்சடித்து வந்த அன்று, அதைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருஷம் பல்லாவரம் என்று எழுதிக் கட்டிய வரி.

சேலையூர் சித்தப்பா (7:36): மனசிலாகிறது அண்ணே. ஆனால் ஜங்ஷன் எங்கே இருக்கிறதோ அங்கேதானே பெயர் நிற்கும். தெற்கே இருந்து வருகிறவன் "தாம்பரம் வந்தாச்சு" என்றுதானே பெட்டியை இறக்குகிறான்.

பல்லாவரம் பெரியப்பா (7:41): இந்தியாவிலேயே ஆதிமனிதன் செய்த கல்லாயுதம் முதன்முதலில் கண்டெடுத்த இடம் பல்லாவரம். 1863 மே 30, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அதிகாரி சரளைக் குழியில் இருந்து எடுத்தார். மகேந்திரவர்மன் குடைந்த குகை இருக்கிற மலை எங்களுடையது. பெயரிலேயே பல்லவர் இருக்கிறார்கள். முத்து, இப்படி ஒரு ஊரில் குடியிருக்கிறோம் என்பது ஒரு பெருமை இல்லையா?

ஆவடி அத்தை (7:44): பெருமை என்றால் 1955-ல் காங்கிரஸ் மாநாடு நடந்த ஊர் ஆவடி. சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது இங்கேதான். காமராஜர் முதலமைச்சர் அப்போது. அப்புறம் 1965-ல் விஜயந்தா டாங்கி வந்ததும் இங்கே இருந்துதான். உங்கள் மாமா அந்த டேங்க் ஃபேக்டரியில்தான் முப்பது வருஷம் வேலை பார்த்தார். அவர் சட்டையில் இருந்த கிரீஸ் வாசனை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நான் (7:50): எல்லாம் சரி. ஆனால் கீழ் வீடு எங்கே நல்லது என்று யாரும் சொல்லவில்லையே.

செம்பாக்கம் மதினி (8:02): இட்லி ஊற்றிக்கொண்டே படித்தேன், அதற்குள் இத்தனை மெசேஜ். முத்துத் தம்பி, நீ கேட்டதில் முக்கியமான சொல் "கீழ் வீடு". இங்கே யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. வண்டி, மெட்ரோ, மாநகராட்சி எல்லாம் அப்புறம். மழைத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்காமல் கீழ் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

செம்பாக்கம் மதினி (8:04): 2015 டிசம்பர் 1 ராத்திரி. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. எங்களுக்கு முதலில் தெரிந்தது வாசலில் இல்லை, பாத்ரூமில். கக்கூஸ் கோப்பைக்குள் தண்ணீர் குமிழி குமிழியாகக் கொப்பளித்தது, சோறு கொதிக்கிற மாதிரி. உங்கள் அண்ணன் ஒரு கோணிச் சாக்கை மடித்து அதில் அடைத்தார். அது அப்படியே மேலே எழும்பி வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் ஹாலில் கணுக்கால், ஒரு மணிக்கு முழங்கால். கிரைண்டரை இரண்டு பேரும் தூக்கிக் கட்டில் மேல் வைத்தோம். அரிசி டிரம் தானாகவே மிதந்து அடுப்படியில் இருந்து பூஜை அறைக்குப் போய்விட்டது. மாடி வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டதால் பிள்ளைகள் தப்பின.

செம்பாக்கம் மதினி (8:06): உங்கள் அம்மாவால் அப்படி இருட்டில் மாடி ஏற முடியுமா, யோசித்துப் பார்.

நான் (8:07): இதையெல்லாம் நீங்கள் சொன்னதே இல்லை மதினி.

செம்பாக்கம் மதினி (8:10): சொல்ல என்ன இருக்கிறது. அன்றைக்கு எங்களுக்கு வந்த தண்ணீர் சிட்லபாக்கம் தண்ணீர். அதுதான் வருத்தம்.

சிட்லபாக்கம் அண்ணன் (8:15): மதினி, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிட்லபாக்கம் ஏரி நிறைந்தால் உபரி செம்பாக்கம் ஏரிக்குத்தான் போக வேண்டும். அது நாங்கள் வைத்த வழி இல்லை, பாட்டன் பூட்டன் காலத்து வாய்க்கால். அந்த வாய்க்காலை அடைத்தது யார்? உங்கள் பக்கத்துத் தெருக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக மணல் மூட்டை அடுக்கினார்கள். தண்ணீர் திரும்பி எங்கள் தெருவில் இடுப்பளவு நின்றது. நான் டார்ச் லைட்டோடு போய்ப் பார்த்தேன்.

செம்பாக்கம் மதினி (8:17): அடுக்கினோம். உங்கள் அண்ணனும் நானும்தான் இரண்டு மூட்டை தூக்கினோம். வீட்டுக்குள் இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வோம்?

சிட்லபாக்கம் அண்ணன் (8:18): அன்றைக்கு ராத்திரி எதிர்க்கரையில் நின்று கத்தினவர்களில் நானும் ஒருவன். அது உங்கள் தெரு என்று எனக்கு அப்போது தெரியாது மதினி.

செம்பாக்கம் மதினி (8:24): எங்களுக்கும் தெரியாது. இருட்டில் டார்ச் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது.

பல்லாவரம் பெரியப்பா (8:31): இரண்டு பேர் மேலும் தப்பில்லை. முத்து, நீ ஊருக்குப் புதிது, கேட்டுக்கொள். சேலையூர் ஏரி நிறைந்தால் ராஜகீழ்ப்பாக்கம். அங்கே இருந்து செம்பாக்கம். சிட்லபாக்கம் தண்ணீரும் செம்பாக்கத்துக்குத்தான். அப்புறம் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஒரு மாலை மாதிரி கோத்த ஏரிகள். நடுவில் ஒரு இடத்தில் நூலை அறுத்தாலும் அதற்கு மேலே இருக்கிற ஊர் எல்லாம் முழுகும். எங்கள் பல்லாவரம் பெரிய ஏரியையே எடுத்துக்கொள். துரைப்பாக்கம் ரேடியல் ரோடு அதன் நடுவில்தான் போகிறது. ஒரு பக்கம் குப்பை கொட்டியே மேடாகிவிட்டது. நான் வந்த புதிதில் அந்தக் கரையில் நின்றால் கண்ணுக்கு எட்டின வரை தண்ணீர், கூழைக்கடா வந்து இறங்கும். இன்றைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

சேலையூர் சித்தப்பா (8:35): மேற்குத் தாம்பரம் கணக்கு வேறு. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் அடையாறு. அங்கே 2015-ல் படகு விட்டார்கள். எல்லாரும் செம்பரம்பாக்கம் திறந்ததால் என்றார்கள். செம்பரம்பாக்கம் உபரி கீழே திருநீர்மலைப் பக்கம் வந்துதான் ஆற்றில் சேரும். முடிச்சூரை முழுக வைத்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரித் தண்ணீர். எதனால் வந்தது என்று சரியாகத் தெரிந்தால்தானே அடுத்த தடவை எங்கே தூர் வார வேண்டும் என்று கேட்க முடியும்.

சிட்லபாக்கம் அண்ணன் (8:41): கேட்டால் நடக்கும் என்பதை நாங்கள் பார்த்தோம். 2019 கோடையில் சென்னையே குடத்தோடு நின்றதே, அப்போது சிட்லபாக்கம் ஏரி காய்ந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்வெட்டி, கூடையோடு இறங்கினோம். வங்கி மேனேஜர், காய்கறிக் கடைக்காரர், காலேஜ் பிள்ளைகள். முதல் நாள் எடுத்தது மண் இல்லை, பிளாஸ்டிக். ஒரு முழம் தோண்டினாலும் அதே பிளாஸ்டிக். அப்புறம்தான் அரசு பணம் ஒதுக்கி வேலை தொடங்கியது. ஆனாலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு எங்கள் தெருவில் தண்ணீர் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாளில் வடிந்தது. 2015-ல் எட்டு நாள் நின்றது.

செம்பாக்கம் மதினி (8:46): சரி, முத்துத் தம்பி, வீடு பார்க்கப் போனால் இதைப் பார். ரோடு உயரமா, வாசல் உயரமா என்று முதலில் பார். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டுப் போட்டு நிறைய வீடுகள் ரோட்டுக்குக் கீழே போய்விட்டன. கேட்டைத் திறந்ததும் இரண்டு படி கீழே இறங்குகிற வீடு என்றால், டைல்ஸ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. கரண்ட் மீட்டர் பெட்டியைக் கழற்றி மேலே மாற்றி வைத்திருந்தால், பழைய ஆணித் துளை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார். தண்ணீர் அது வரைக்கும் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

சிட்லபாக்கம் அண்ணன் (8:48): வீட்டுக்காரரிடம் கேட்காதே, புரோக்கரிடமும் கேட்காதே. தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கேள். 2015-ல் எது வரை, 2023-ல் எது வரை என்று கையால் தொட்டே காட்டுவார். அவர் வண்டி நின்ற இடம் அது.

செம்பாக்கம் மதினி (8:50): உயரமான அடித்தளம் இருக்கிற வீடு பார். எங்கள் தெருவில் இப்போது புதிதாகக் கட்டுகிறவர்கள் ஆறு படி, ஏழு படி வைத்துத்தான் கட்டுகிறார்கள்.

நான் (8:53): அங்கேதான் சிக்கல் மதினி. அம்மாவால் ஏழு படி ஏற முடியாது. நாலு படிக்கே நின்று மூச்சு வாங்குகிறார்.

சேலையூர் சித்தப்பா (8:55): கார் நிறுத்த கீழே இடம் விட்டுக் கட்டி, லிஃப்ட் வைத்த அபார்ட்மெண்ட் பார்க்கலாமே. ராஜகீழ்ப்பாக்கத்தில் நிறைய வந்திருக்கிறது.

செம்பாக்கம் மதினி (8:56): மழை நாளில் முதலில் நிற்பது கரண்ட். கரண்ட் இல்லாமல் லிஃப்ட் எப்படி ஓடும்?

பல்லாவரம் பெரியப்பா (9:03): மேட்டுத் தெருவில் இருக்கிற வீடு என்றால் படி குறைவாக இருந்தாலும் போதும். பல்லாவரத்தில் மலை அடிவாரம் பக்கம் அப்படிச் சில தெரு உண்டு. அங்கே தண்ணீர் நிற்காது, ஓடிவிடும். ஆனால் கீழ் வீடு காலி என்று அங்கே போர்டு தொங்கினால் மறுநாளே ஆள் வந்துவிடும். நாளைக்கு நான் ஒரு நடை போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.

சிட்லபாக்கம் அண்ணன் (9:05): நானும் வருகிறேன் பெரியப்பா. வண்டியில் போய்விடலாம். அப்படியே சேலையூரிலும் இரண்டு தெரு பார்ப்போம்.

ஆவடி அத்தை (9:20): அண்ணன்மார் எல்லாரும் பேசி முடித்துவிட்டீர்களா? முத்து, நான் ஆவடி ஆவடி என்று சொன்னது ஊர்ப் பெருமைக்காக மட்டும் இல்லை. என் வீட்டுக் கீழ் போர்ஷன் போன மாதம் காலியாகிவிட்டது. நான் ஆள் வைக்கவில்லை. 2015-லும் தண்ணீர் வாசல்படியைத் தொடவில்லை, 2023-லும் தொடவில்லை, எங்கள் தெரு மேடு. உனக்கு அலைச்சல்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பகல் முழுக்க நீ ஆபீஸில் இருக்கும்போது உங்கள் அம்மா யாரோடு பேசுவாள்? எனக்கும் மாமா போன பிறகு வீட்டில் பேச்சுக் குரல் இல்லை.

சேலையூர் சித்தப்பா (9:26): அக்கா, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

ஆவடி அத்தை (9:27): நீங்கள் ரயில் கணக்குப் பேசினீர்கள். நானும் பேசினேன்.

பல்லாவரம் பெரியப்பா (9:30): முத்து, நாளைக்கு நான் பார்க்கிறதைப் பார்க்கிறேன். நீ அம்மாவிடம் கேள். அவளுக்கு எது தோது என்று அவள் சொல்லட்டும்.

நான் (9:48): கேட்டேன் பெரியப்பா. மெசேஜ் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மதினி எழுதியதைப் படித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தை, அம்மா ஒன்றே ஒன்று கேட்கிறார். உங்கள் கீழ் போர்ஷனுக்கு எத்தனை படி?

ஆவடி அத்தை (9:50): இரண்டு படி. இடது பக்கம் இரும்புக் கைப்பிடி இருக்கிறது. மாமாவுக்காக வைத்தது.