பட்டி ஹாலி கோஷ்டி ஆரம்பத்துல எப்படி வளந்துச்சு?

இப்பதான் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலியோட பாட்டு கேக்க ஆரம்பிச்சிருக்கேன். டெக்சாஸ்ல லப்பக்னு ஒரு பருத்திக்காட்டு ஊர், அங்கேருந்து சின்னப் பசங்க 1957லயே அமெரிக்காவுல நம்பர் 1 எப்படிப்பா அடிச்சாங்க? பின்னாடி பெரிய ஆள் யாராச்சும் இருந்தாங்களா?

பதில்: பெரிய ஆளா, அட போங்க. ஸ்கூல் படிக்கும்போதே ஹாலி, பாப் மான்ட்கோமரின்னு ஃப்ரெண்டோட லோக்கல் ரேடியோவுல கன்ட்ரி பாட்டு பாடிட்டிருந்தார், 1955ல எல்விஸ் பிரெஸ்லி அந்த ஊருக்குப் பாட வந்தப்போ அவருக்கு முன்னாடி ரெண்டு பேரும் மேடையேறினாங்க, அப்புறம் ராக் அண்ட் ரோல் பித்துதான். 1956ல டெக்காங்கிற ரெக்கார்டு கம்பெனிக்கு நாஷ்வில்ல ரெக்கார்ட் பண்ணாங்க, ஒண்ணும் எடுபடல.

பதில்: அதுக்கப்புறம்தான் மேட்டரே. பக்கத்து ஸ்டேட்ல க்ளோவிஸ்ங்கிற ஊர்ல நார்மன் பெட்டி ஸ்டுடியோ. மணிக்கணக்குக்குக் காசு கிடையாது, பாட்டுக்கு இவ்ளோன்னுதான், அதனால ராத்திரி பூரா திரும்பத் திரும்ப வாசிக்கலாம். டிரம்ஸ் ஜெர்ரி அலிசனுக்கு அப்போ 17 வயசு. டெக்காவுல பதிஞ்ச 'தட்'ல் பி தி டே' பாட்டையே மறுபடி பதிய டெக்கா ஒப்பந்தம் இடம் குடுக்கல, அதான் ஹாலி பேரப் போடாம 'கிரிக்கெட்ஸ்'னு கோஷ்டி பேரப் போட்டு விட்டாங்க, அது செப்டம்பர்ல நம்பர் 1!

பதில்: ஹாலியோட 'எவ்ரிடே' பாட்ட ஹெட்ஃபோன்ல கேளுங்க. டிரம்ஸ் கிடையாது, அலிசன் தொடைய தட்டுறாரு. நானும் தட்டிப் பாத்தேன், ரெண்டு நிமிஷத்துல தொடை செவந்துபோச்சு 😀