விசாரணை நடத்தியதாகச் சொல்லி வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள்: அடுத்து என்ன செய்யலாம்?

வணக்கம். தொழிற்சங்க அனுபவம் உள்ளவர்கள், தொழிலாளர் வழக்கு பார்க்கும் வழக்கறிஞர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

என் மைத்துனர் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மேற்பார்வையாளரைத் தகாத வார்த்தையில் திட்டினாராம். ஒழுங்கீனம் என்று பணிநீக்கம் செய்துவிட்டார்கள். வாய்த்தகராறு நடந்தது உண்மைதான், அதை அவரே மறுக்கவில்லை. ஆனால் விசாரணை என்ற பெயரில் நடந்ததுதான் உறுத்துகிறது. சாட்சிகள் இருவரும் நேரில் வரவே இல்லை. டைப் செய்த வாக்குமூலங்களை மட்டும் காட்டினார்கள். இரண்டும் வரிக்கு வரி ஒன்று, கையெழுத்துதான் வேறு. குறுக்கு விசாரணைக்கு வாய்ப்பே தரவில்லை. அதே தகராறில் இருந்த இன்னொருவருக்கு வெறும் எச்சரிக்கைக் கடிதம்!

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 158ஆம் உடன்படிக்கை (1982), நடத்தையைக் காரணம் காட்டி நீக்கும் முன் தொழிலாளி தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. நீக்கத்தை எதிர்த்து நடுநிலையான அமைப்பிடம் முறையிடவும் அதில் உரிமை உண்டு. காலம் கடத்தினால் அந்த உரிமையே போகலாம் என்பதால்தான் அவசரமாகக் கேட்கிறேன்.

முதலில் நிர்வாகத்திடம் மேல்முறையீடா, நேராகச் சமரச அதிகாரியிடமா? நிலுவைப் பணத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதி வாங்கினால் மீண்டும் வேலை கேட்பது பாதிக்குமா? அப்புறம், தண்டனை அளவுக்கு மீறியது என்று மட்டும் வாதாடி வென்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா?