கடலுக்குக் கொண்டுபோக டேப்லெட்டா, கிண்டிலா?

பாம்பன்காரன்:
விசைப்படகில் வேலை. போனால் மறுநாள் காலைதான் கரை. வலையை இறக்கிட்டா இழுக்கிற வரைக்கும் சும்மாதான் இருக்கணும். மத்தவங்க படுத்துருவாங்க, எனக்குத் தூக்கம் வராது, போனில் படிப்பேன். தீவைத் தாண்டினதும் டவர் போயிரும். சில நேரம் இலங்கை டவர் பிடிச்சு ‘வெல்கம்’ மெசேஜ் வரும், அதுல படிக்க ஒண்ணுமில்ல. விடியுறதுக்குள்ள சார்ஜ் தீர்ந்துரும். வெயில் ஏறினா எழுத்தே தெரியாது.

ஏப்ரல் 15லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். சேது எக்ஸ்பிரஸ்ல சென்னைக்கு அக்கா வீட்டுக்குப் போவேன், அங்கேயே வாங்கிரலாம்னு நினைப்பு. கையில் 12,000 ரூபாய். மச்சான் 8 இஞ்ச் டேப்லெட் வாங்கச் சொல்றான். அமேசானோட கிண்டில்னு புத்தகம் படிக்கவே ஒரு கருவி இருக்காமே, அதுல தமிழ் வருமா? உப்புத் தண்ணி தாங்குமா?

கீழக்கரை வாசகன்:
வரும் அண்ணே. 2016 கடைசியிலேயே அதில் தமிழ்ப் புத்தகம் விற்க ஆரம்பிச்சிட்டாங்க. வெயிலுக்கு அதை அடிக்க ஆளில்ல, காகிதம் மாதிரி வெளிச்சம் கூடக் கூடத் தெளிவா இருக்கும். பக்கம் திருப்பும்போது மட்டும்தான் திரைக்குக் கரண்ட் வேணும். வைஃபையை அணைச்சு வச்சா வாரக்கணக்கில் ஓடும். டேப்லெட்டை மத்தியான வெயில்ல தளத்துல வச்சா சூடேறி அணைஞ்சுரும். ஐபேடுக்கு ஆப்பிளே 35 டிகிரி வரைதான்னு சொல்லுது. நம்ம ஊர் மே மாசத்தை அவங்க பார்த்ததில்ல போல.

மண்டபம் சர்வீஸ்:
போன் ரிப்பேர் பண்றவன் சொல்றேன். நம்ம பக்கம் போன் சாகுறது பெரும்பாலும் தண்ணியில விழுந்து இல்ல, சார்ஜ் ஓட்டையில உப்பு பூத்து. சாதாரண கிண்டிலுக்குத் தண்ணிப் பாதுகாப்பே கிடையாது. அதுக்கு மேல் மாடலான கிண்டில் பேப்பர்வைட்டுக்கு உண்டு. ஆனா நல்ல தண்ணின்னா 2 மீட்டர் ஆழத்துல 60 நிமிஷம், கடல் தண்ணின்னா கால் மீட்டர்ல 3 நிமிஷம்தான். நனைஞ்சா நல்ல தண்ணியில அலசிக் காயவச்சிட்டுத்தான் சார்ஜ் போடணும். எதை வாங்கினாலும் ஜிப் கவர்ல போட்டுக்கங்க, கவர் மேலயே விரல் வேலை செய்யும். கவர் இல்லாம துளி தெறிச்சா பக்கம் தானா திரும்பும், எரிச்சல்.

தேவிபட்டினம் டீச்சர்:
தம்பி, என்ன படிக்கிறீங்கன்னு சொல்லவே இல்லையே, அதுலதானே எல்லாம் இருக்கு. மதுரைத் திட்டம், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் மாதிரி இலவசப் புத்தகத் தளத்துல இறக்கின ஈபப் கோப்புன்னா, அதாவது எழுத்தாவே இருக்கிற மின்புத்தகம்னா, கிண்டில் அருமை. எழுத்தை வேணும்கிற அளவுக்குப் பெருசாக்கலாம். கிண்டிலுக்கு அனுப்பும்போது மட்டும் நெட் வேணும், கரையிலேயே ஏத்திக்கங்க. ஆனா பழைய புத்தகத்தை ஸ்கேன் பண்ணின பிடிஎஃப்னா ஒவ்வொரு பக்கமும் ஒரு போட்டோ, எழுத்து பெருசாகாது. 6 இஞ்ச் கிண்டில்ல இழுத்து இழுத்துப் படிச்சே என் கண்ணு போச்சு. கடைசியில அதுக்குன்னு ஒரு டேப்லெட் வாங்கினேன்.

பாம்பன்காரன்:
டீச்சர், நீங்க கேட்டதும் போனைத் திறந்து எண்ணினேன். 143 இருக்கு, 9ஐத் தவிர எல்லாம் ஸ்கேன். போச்சுடா.

கீழக்கரை வாசகன்:
அவசரப்படாதீங்க அண்ணே. கே2பிடிஎஃப்ஆப்ட்னு ஒரு புரோகிராம் இருக்கு, காசு கிடையாது. ஓரத்தை வெட்டி, வரியைச் சொல் சொல்லாப் பிரிச்சுச் சின்னத் திரைக்கு அடுக்கித் தரும். எல்லாத்தையும் படமாத்தான் பார்க்கும், அதனால தமிழும் ஒண்ணுதான் அதுக்கு. கம்ப்யூட்டர் வேணும்.

பாம்பன்காரன்:
அக்கா மகன்கிட்ட லேப்டாப் இருந்துச்சு, வாட்ஸாப்பில் ஒண்ணு அனுப்பி மாத்தச் சொன்னேன். உரைநடை நல்லா வந்துச்சு. பாட்டுப் புத்தகத்துல அடியெல்லாம் குலைஞ்சு பொடிமீன் கொட்டின மாதிரி ஆயிருச்சு. பாட்டைப் போன்லயே வச்சுக்கிறேன். பேப்பர்வைட்டுக்கு இன்னும் கொஞ்சம் பணம் சேர்க்கணும், தடைக்காலத்துக்கு முன்னாடி ரெண்டு நல்ல மீன்பாடு கிடைச்சாப் போதும்.