பாட்டு வச்சு வெளையாடுத கேம் எதாச்சும் சொல்லுங்க, ஆச்சிக்கும் புரியணும்

பாளை மைனி:
எல்லாருக்கும் வணக்கம். சித்திரை கடைசி செவ்வாய் எங்க ஊர்ல அம்மன் கோயில் கொடைத் திருவிழா, அம்பாசமுத்திரம் பக்கம். மாமியா வீட்டுல 14 பேரு கூடுவோம், மூத்தவுக ஆச்சிக்கு 79, கடைக்குட்டிக்கு 6, நடுவுல செல்லை விட்டு கண்ணை எடுக்காத காலேஜ் பயலுவ நாலு பேரு. போன வருசம் கொழுந்தன் மவ வெளிநாட்டுல இருந்து ஒரு பாட்டு கேம் கொண்டாந்தா, கார்டை செல்லுல ஸ்கேன் பண்ணுனா பாட்டு ஓடும், அது எந்த வருசத்துப் பாட்டுன்னு வரிசையா அடுக்கணும். கேம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அம்புட்டும் இங்கிலீஷ் பாட்டு. ஆச்சி பட்டாசல்லயே சாஞ்சு தூங்கிட்டாவ, மாமா எந்திச்சு தார்சாவுக்குப் போயிட்டாவ. இந்த தடவை எல்லாரும் சேந்து வெளையாடுத மாதிரி எதாச்சும் உண்டா? தமிழ்ல இருந்தா ரொம்ப நல்லது.

கல்லிடை அப்பளம்:
மைனி, நீங்க சொல்லுதது ஹிட்ஸ்டரா இருக்கும். முன்னாடி கியூஆர் கோடு, பின்னாடி பாட்டுப் பேரு, பாடுனவங்க, வருசம். 10 கார்டு சரியா அடுக்குனவன் ஜெயிச்சான், அம்புட்டுதான் கேமு. அதனால அந்தப் பெட்டியே வேண்டாம், நீங்களே தமிழ்ப் பாட்டுல செஞ்சுக்கிடலாம், நாங்க ரெண்டு வருசமா அப்படித்தான் வெளையாடுதோம். பழைய கல்யாணப் பத்திரிக்கை அட்டை வீட்டுல கெடக்கும்லா, அதை வெட்டி ஒரு பக்கம் நம்பரு, மறுபக்கம் படம், வருசம் எழுதுங்க. கியூஆர் எல்லாம் மெனக்கெடாண்டாம், ஒரு ஆளு செல்லுல அந்த நம்பர் வரிசைப்படி பாட்டை வச்சுக்கிட்டு போட்டா போதும். 14 பேரை மூணு டீமா பிரிச்சா 70, 80 கார்டு தாராளம். ஒவ்வொரு டீம்லயும் ஒரு பெருசு, ஒரு பொடுசு கண்டிப்பா இருக்கணும், இல்லன்னா சண்டை வந்துரும்.

ஒரே ஒரு விசயத்துல கவனமா இருங்க, வருசத்தை பாட்டு ஆப்பைப் பாத்து எழுதிராதீங்க. பழைய பாட்டை எல்லாம் பொறவு ஒரு தொகுப்பா போட்டுருப்பான், அந்தத் தொகுப்பு வந்த வருசம்தான் அதுல காட்டும், 60ல வந்த பாட்டுக்கு 2000க்கு மேல தேதி நிக்கும். நாங்க மொத வருசம் அப்படி எழுதித்தான் பெரியப்பாட்ட நல்லா வாங்கிக் கட்டுனோம். படம் தியேட்டருக்கு வந்த வருசம்தான் கணக்குன்னு மொதல்லயே சொல்லிருங்க. கொஞ்சும் சலங்கை 1962, காதலிக்க நேரமில்லை 1964, அன்னக்கிளி 1976, கரகாட்டக்காரன் 1989, ரோஜா 1992, இப்படி தள்ளித் தள்ளி எடுங்க. எம்பதுல வந்த இளையராஜா பாட்டாவே அடுக்குனா 84ஆ 86ஆன்னு ராத்திரி முழுக்க ஓடும், அது கேம் இல்ல, பஞ்சாயத்து. ஒரே வருசத்துப் பாட்டு ரெண்டு வந்துட்டா எந்தப் பக்கம் வச்சாலும் சரின்னு விட்ருங்க.

கொஞ்சும் சலங்கையைச் சும்மா சொல்லல, அதுல ஜானகியம்மா குரலுக்கு எதிர்ல நிக்குத நாதஸ்வரம் நம்ம காருகுறிச்சி அருணாசலம் வாசிச்சது. சேரன்மாதேவி பக்கத்து ஊருக்காரரு, 1921ல பொறந்து 1964லயே போயிட்டாரு. அந்தக் கார்டு வந்தா எங்க வீட்டுல கேம் பத்து நிமிசம் நின்னுரும்.

சாரல் சீசன்:
எதுக்கு இம்புட்டு கஷ்டம், பாட்டுக்குப் பாட்டு போதாதா? இலங்கை வானொலியில அப்துல் ஹமீது நடத்தும்போது நம்ம பக்கம் ரேடியோவைச் சுத்தி உக்காந்து கேப்பாவ, பொறவு சன் டிவியில வந்துச்சு, ஆச்சிக்கு ரூல் சொல்லிக் குடுக்கவே வேண்டாம். எழுத்துத் தகராறை மட்டும் முன்கூட்டியே முடிச்சிருங்கக்கா. பாட்டு ன், ண், ள், ழ், ற்ல முடிஞ்சா தமிழ்ல அதுல தொடங்குத வார்த்தையே கெடையாது. நாங்க ன், ண் வந்தா ந, ள், ழ் வந்தா ல, ற் வந்தா ர. ம்ல முடியுத பாட்டுதான் அதிகம், ம சரக்கு சீக்கிரம் தீந்துரும், அதையும் யோசிச்சுக்கிடுங்க.

தாயம் விழல:
சாரலு, அதுல நல்லா பாடுத ரெண்டு பேரு மட்டும் வெளையாடுவாவ, மீதி 12 பேரும் முறுக்கு திம்பாவ, பாத்துருக்கேன். எங்க வீட்டுல தாயத்தோட சேத்துட்டோம். தரையில சாக்பீஸ்ல கட்டம், பித்தளை தாயக்கட்டை, ரூல் எல்லாம் பழசுதான், தாயம் விழுந்தாத்தான் காய் எறங்கும், 1, 5, 6, 12 விழுந்தா மறுபடி உருட்டலாம். ஒண்ணே ஒண்ணுதான் புதுசு. காய் வெட்டுப்பட்டா, வெட்டுனவுக ஒரு எழுத்து சொல்லணும், பத்து எண்ணுததுக்குள்ள அந்த எழுத்துல பாட்டு எடுத்து ரெண்டு வரி பாடிட்டா காய் பொழச்சுது. பாடத் தெரியாதவனும் காயைக் காப்பாத்த கத்துவான் பாருங்க, அதுதான் கேமு.

பாளை மைனி:
தாயம் ஐடியா சூப்பர் அண்ணாச்சி. ஆனா 6 வயசு வாண்டு பாட்டு வரிக்கு எங்க போவா? எழுதவும் வராது.

கல்லிடை அப்பளம்:
அவளை ஹம்மிங் பண்ண விடுங்க. கிரேனியம்னு 1998ல வந்த அமெரிக்க போர்டு கேம்ல இதுக்குன்னே தனி கார்டு உண்டு, வார்த்தை சொல்லாம ஹம்மிங்கோ விசிலோ மட்டும், கூட்டாளி பாட்டைக் கண்டுபிடிக்கணும். பொடுசுவ காதுல செல்லை வச்சு பாட்டைக் கேக்க விட்டு, அப்படியே ம்ம்ம்னு பாடச் சொல்லுங்க. சுருதி எங்கயோ போவும், அதான் சிரிப்பு. இன்னொண்ணு, கொடை அன்னைக்கு இதெல்லாம் வச்சுக்கிடாதீங்க, கோயில் ரேடியோ செட் குழாய் அலறுத அலறல்ல பக்கத்துல இருக்குத ஆளு பேசுததே கேக்காது. மொத நாள் சாயங்காலமே முடிச்சிருங்க.

சாரல் சீசன்:
குழாய்ல வாரத வச்சே வெளையாடலாமே, எந்தப் படம்னு மொதல்ல சொல்லுதவனுக்கு ஒரு முந்திரிக்கொத்து. செலவே இல்ல.

பாளை மைனி:
அப்டேட். ஞாயித்துக்கெழம 20 கார்டு மட்டும் எழுதி, வீட்டுல இருந்த ஆறு பேரு வெள்ளோட்டம் பாத்தோம். தில்லானா மோகனாம்பாள் பாட்டு ஓடுது, காலேஜ் பய 1975ங்கான், மாமா 65ங்காவ. ஆச்சி வெத்தலைக்கு சுண்ணாம்பு தடவிக்கிட்டே "அது வந்தப்போ பெரியவன் என் வயித்துல, கொட்டகையில அந்த மேளச் சத்தத்துக்கு உள்ளயே உதைச்சான்"னு சொல்லுதாவ. கார்டைத் திருப்புனா 1968. மாமா பொறந்ததும் 68தான். அதுக்குப் பொறவு ஒவ்வொரு பாட்டுக்கும் ஆச்சி கல்யாணம், சாவு, மாடு வாங்குனதுன்னு கணக்கு சொல்லி 9 கார்டு அடுக்கிட்டாவ. இப்ப பிரச்சினை என்னன்னா கொடைக்கு எந்த டீம் ஆச்சியை எடுக்கதுன்னு இப்பவே போன்ல அடிச்சுக்கிடுதாவ.